ரேடியேட்டருக்கும் தூர்வார வேண்டும்

"நல்லா ஓடிக்கிட்டு இருக்குற வண்டிய எதுக்குணே நோண்டுறீங்க?"

மதுரையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிக் கழுவி, புதுக் கூலண்ட் ஊற்றலாம் என்று வாயைத் திறந்தால் போதும். மெக்கானிக் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், அந்தக் காலத்தில் அம்பாசடர் ஓட்டிய சித்தப்பா கேட்பார். கூடவே மூன்று தீர்ப்புகளும் வரும். கூலண்ட் எல்லாம் ஐஸ் உறையும் ஊருக்கு, நம்ம ஊருக்குத் தண்ணீரே போதும். பழைய என்ஜினில் அழுக்கைக் கரைத்தால் லீக் எடுக்கும், அப்படியே விட்டுவிடு. ரொம்பச் சூடாகிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனை டைரக்ட் பண்ணிவிடு.

மூன்றும் தவறு என்பது என் கட்சி. ஆனால் மூன்றிலும் கொஞ்சம் அனுபவ உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை காலம் நிலைத்து நிற்கின்றன. சொல்பவர்களும் வண்டியைப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்பவர்கள்தான். ஆகவே அந்த உண்மையை ஒதுக்காமல், அதையும் எடுத்து வைத்தே மறுக்கிறேன்.

எங்கள் வீட்டில் 2001-ஆம் வருடத்து மாருதி 800 ஒன்று இருக்கிறது. கைமாறி வந்த வண்டி. வாங்கிய உடனே ரேடியேட்டரைக் கழுவிவிடலாமா என்று கேட்டேன். "தண்ணி லெவல் கரெக்டா இருக்கு, ஹீட்டும் ஏறல, விட்ருங்க சார்" என்றார் அப்போது வண்டியைப் பார்த்தவர். விட்டுவிட்டேன். அடுத்த மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். வத்தலக்குண்டு வரை ஹீட் மீட்டர் முள் பாதியைத் தாண்டவில்லை. காமக்காபட்டி செக்போஸ்ட்டைக் கடந்து மலை ஏறத் தொடங்கி, ஒரு பஸ்ஸின் பின்னால் இரண்டாவது கியரிலேயே அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினால் ரிசர்வ் டேங்கில் தளபுளவென்று கொதிக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி, மேற்கொண்டு ஏறாமலே ஊர் திரும்பினோம்.

மறுநாள் காலை, என்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி ஒரு பிளாஸ்டிக் டப்பில் பிடித்தேன். செம்மண்ணைக் கரைத்துவிட்டது போல ஒரு குழம்பு வந்தது. டப்பை அசைக்காமல் பத்து நிமிடம் வைத்துவிட்டு, மேலே தெளிந்ததைச் சாய்த்து ஊற்றியதும் அடியில் இருந்தது தெரிந்தது. பொடிப்பொடியாகத் துரு. அதற்குள் விரலை விட்டால் முட்டை ஓடு போல வெள்ளைச் சில்லுகள், இரு விரலுக்கு நடுவில் நசுக்கினால் நறநறவென்று உடைந்தன. ஹோஸின் உள்சுவரில் சேறு ஒரு பூச்சாக ஒட்டியிருந்தது. நல்ல தண்ணீர் நிரப்பி, என்ஜினை ஓட்டி, இறக்கி, மறுபடி நிரப்பி என்று நாலாவது தடவைதான் டப்பின் அடி கண்ணுக்குத் தெரிந்தது.

லெவல் கரெக்டாக இருந்தது என்றாரே, அது பொய்யில்லை. ஆனால் அந்த லெவலில் நின்றது பாதி சேறு.

அந்த வெள்ளைச் சில்லு எங்கிருந்து வந்தது என்பதில்தான் முதல் தீர்ப்புக்கு என் மறுப்பு தொடங்குகிறது. மதுரையில் வைகைத் தண்ணீர் குழாயில் வரும்போது குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். குளிக்க, துவைக்க, கார் கழுவ எல்லாம் போர் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீரை நாம் குடிப்பதில்லை, காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். அந்தப் போர் தண்ணீர் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. கீஸர் காயிலைக் கழற்றினால் சுண்ணாம்பு உறை போட்டிருக்கிறது. ஷவரின் ஓட்டைகளை ஊசி வைத்துக் குத்த வேண்டியிருக்கிறது. இத்தனையும் பார்த்துவிட்டு, அதே தண்ணீரை அண்டாவை விடச் சூடாகும் ஓர் இயந்திரத்துக்குள் ஊற்றி, "தண்ணி போதும்" என்கிறோம். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி ஒட்டிக்கொள்ளும். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் அதிகம் ஒட்டும். என்ஜினில் அந்த இடம் எரியறையைச் சுற்றியுள்ள சந்துகள், அதிலும் எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பக்கம். சூட்டை எங்கிருந்து அவசரமாக எடுக்க வேண்டுமோ, அங்கேயே கம்பளி போர்த்தியது போல ஒரு படிவு. இந்தச் சுண்ணாம்பு, வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைக்கூடச் சரியாகக் கடத்தாது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இன்னும் மோசம். முள் நடுவில் நின்றாலும் அந்தப் படிவுக்குப் பின்னால் இருக்கும் உலோகம் வெந்துகொண்டிருக்கும். முள் காட்டுவது சென்ஸார் நனையும் இடத்துச் சூட்டை மட்டும்தான். தண்ணீர் குறைந்து சென்ஸார் வெறும் ஆவியில் நின்றால், என்ஜின் கருகும்போதுகூட முள் இறங்கிக் காட்டுவது உண்டு.

வாரம் ஒருமுறை டாப்-அப் ஊற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆவியாகப் போவது தண்ணீர், உள்ளே தங்குவது உப்பு. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்யும் வேலையை நாம் ரேடியேட்டருக்குள் செய்கிறோம்.

கூலண்ட் ஐஸ் உறையும் ஊருக்கு என்பார்கள். டப்பாவில் ஆன்டி-ஃப்ரீஸ் என்று அச்சடித்திருப்பதால் வந்த மயக்கம் இது. உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று, மதுரைக்கு அது தேவையில்லை என்பது சரி. வெறும் தண்ணீர் கூலண்ட் கலவையை விட நன்றாகச் சூட்டை வாங்கும் என்று சொன்னால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்திலீன் கிளைகாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் கொதிநிலை 107 டிகிரி வாக்கில் ஏறுகிறது. அதைவிடப் பெரிய காரணம், அதில் சேர்த்திருக்கும் துருத் தடுப்பு மருந்து. என்ஜினுக்குள் இரும்பு உண்டு, அலுமினியம் உண்டு, பழைய ரேடியேட்டராக இருந்தால் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும் உண்டு. இவற்றுக்கு நடுவில் உப்புத் தண்ணீரை ஓடவிட்டால் அது ஒரு பேட்டரி. அந்த பேட்டரியில் கரைந்துபோவது அலுமினியம். மருந்தில்லாத டிஸ்டில்ட் வாட்டர் சுண்ணாம்பு படியாமல் பார்த்துக்கொள்ளும், துருவை நிறுத்தாது. இந்த மருந்தும் சில வருடங்களில் தீர்ந்துவிடும், கிளைகால் பழசாகிப் புளித்து அமிலமாகும். என்றைக்கோ ஊற்றிய கூலண்ட் இன்னும் பச்சையாகத்தானே இருக்கிறது என்று சொல்பவர்கள் சாயத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

வெயில் ஊருக்குக் கூலண்ட் வேண்டாம் என்பவர்கள் மதுரைக்காரர்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம் கார்கள் மதுரைக்குள் மட்டுமா ஓடுகின்றன? லீவு விட்டால் கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் என்ஜின் அதிகம் உழைக்கும், வேகம் குறைவதால் முன்னாலிருந்து வரும் காற்றும் குறையும், தண்ணீரோ சீக்கிரம் கொதிக்கக் காத்திருக்கும். அங்கே வண்டியைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. அதன் தலையில் 0.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குக்கர் விசிலைப் போல அது அழுத்தத்தைப் பிடித்து வைத்து, வெறும் தண்ணீரின் கொதிநிலையையே சமவெளியில் 118 டிகிரி அளவுக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வெடித்து, சுண்ணாம்பு ஏறி, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் வாஷர் இல்லாத குக்கரில் சோறு வைத்த கதைதான். 1911-இல் மதுரையில் பஸ் தொழிலாகத் தொடங்கிய டி.வி.எஸ் குடும்பத்தின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் கம்பெனி, 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது. அந்த மதுரையில் ரப்பர் வெடித்த மூடியைச் சணலும் துணியும் சுற்றி அழுத்திவிட்டு ஓட்டும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சித்தப்பாக்களின் வாதம் வேறு. "அம்பாசடருக்கு ஆத்துத் தண்ணி, கிணத்துத் தண்ணி எல்லாம் ஊத்தி ஓட்டுனோம். என்னாச்சு?" ஒன்றும் ஆகவில்லை என்பது முழு உண்மை இல்லை. டிக்கியில் ஒரு கேன் தண்ணீரும் ஈரச் சாக்கும் இல்லாமல் அவர்கள் மலை ஏறியதில்லை. ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி, திரும்ப ஈயம் பற்றவைத்து வாங்கி வருவது அன்று சாதாரண வேலை. அதாவது அவர்களும் கழுவினார்கள், பெயர்தான் வேறு. அம்பாசடரின் என்ஜின் பிளாக்கும் ஹெட்டும் கனத்த வார்ப்பிரும்பு, தண்ணீர் ஓடும் சந்துகள் அகலம். கொஞ்சம் சூடானாலும் தாங்கும். மாருதி 800-இன் ஹெட் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போட வேண்டிவரும். பின்னால் வந்த சின்னக் கார்களின் ரேடியேட்டர் மெல்லிய அலுமினியம், இரு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி. கம்பி விட்டுக் குத்தவும் முடியாது, ஈயம் வைக்கவும் முடியாது. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ஆம் வருடத்தோடு உற்பத்தி நின்றுபோனவை. ஆனாலும் ஒன்றுக்குப் பொருந்திய வைத்தியம் மற்றதற்குப் பொருந்தாது.

இனி, இருப்பதிலேயே பலமான வாதம்: கழுவினால் லீக் எடுக்கும். எடுக்கும்தான், நானே பார்த்திருக்கிறேன். எங்கள் மாருதியைக் கழுவிய மூன்றாம் நாள் வாட்டர் பம்ப்பின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. "அப்பவே சொன்னேன்ல" என்றார்கள். ஆனால் அந்தப் பம்ப்பின் சீல் எப்போது தேய்ந்தது? கழுவிய மூன்று நாளிலா? அது வருடக்கணக்கில் தேய்ந்து, துருவும் சேறும் அடைத்துக்கொண்டிருந்ததால் சொட்டாமல் இருந்தது. அடைப்பை எடுத்ததும் ஓட்டை தன்னைக் காட்டியது, அவ்வளவுதான். ஓட்டையைப் போட்டது துரு, பழி விழுந்தது கழுவியவன் மேல்.

மதுரையைச் சுற்றிக் கண்மாய்கள் உண்டு. தூர் வாராத கண்மாயின் மடை, வண்டல் ஏறி அடைத்திருக்கும்போது ஒழுகாது. அதற்காக அது நல்ல மடை என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். தூர் வாரினால் மடையின் விரிசல் தெரிந்துவிடும், ஆகவே தூர் வாரவே வேண்டாம் என்று எந்த ஊர்க் கூட்டத்திலும் பேச மாட்டார்கள். கோடையில் தூர் வாரி, விரிசலைப் பார்த்து, மழைக்கு முன்னால் பூசிவிடுவார்கள். காரிலும் அதே கணக்குத்தான். வீட்டு வாசலில் சொட்டும் பம்ப்பை ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்து மாற்றலாம். சேறு அடைத்து நிற்கும் அதே சீல், அழுத்தம் ஏறிய ஒரு நாளில், கொடைக்கானல் ரோட்டில் பெருமாள்மலை பக்கத்து வளைவில் பிய்த்துக்கொண்டால் கூடவே ஹெட்டும் போகும்.

இந்தப் பயத்தின் இன்னொரு முகம்தான் லீக்கை அடைக்க ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடுவது. நடு ரோட்டில், வேறு வழியில்லாத நேரத்தில், வீடு வந்து சேரும் வரைக்கும் சரி. அதையே நிரந்தரமாக விட்டால் மெல்லிய ரேடியேட்டர் குழாய்களில் அது கட்டிப்போகும்.

கழுவுவதே ஆபத்து என்ற பேச்சுக்கு ஒரு நியாயமான பிறப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன். சில இடங்களில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிக் கழுவுகிறார்கள். சிலர் காஸ்டிக் சோடா போடுகிறார்கள். இரண்டும் அலுமினியத்தைத் தின்றுவிடும். கார் கழுவும் பிரஷர் கன்னை ரேடியேட்டர் வாயில் வைத்து அடித்துப் பிளாஸ்டிக் தொட்டியைப் பிளந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களால் கெட்டுப்போன வண்டிகளைப் பார்த்துவிட்டு "கழுவாதே" என்று பேசுபவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. போலி வைத்தியர் ஊசி போட்டுச் சீழ் பிடித்தது என்றால் போலி வைத்தியரைத்தான் தவிர்க்க வேண்டும்.

முறையான கழுவல் நிதானமானது. என்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. பழையதை இறக்கி, நல்ல தண்ணீர் நிரப்பி, ஓட்டி, இறக்க வேண்டும். சுண்ணாம்பு அதிகமிருந்தால் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே போதும். லிட்டருக்கு 20, 30 கிராம் கரைத்து, என்ஜினைச் சூடேறும் வரை கால் மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு இறக்கி, தெளிவாக வரும் வரை அலச வேண்டும். ஊறட்டும் என்று நாள் கணக்கில் விடக் கூடாது. கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில். ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துக் கழுவ வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மதுரையில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை. பல பழைய வண்டிகளில் அந்தக் குழாயின் வால்வு வருடக்கணக்கில் மூடியே கிடக்கும், உள்ளே நிற்பது முதல் ஓனர் காலத்துத் தண்ணீர். அதைத் திறக்காமல் மற்றதை மட்டும் கழுவினால், என்றைக்காவது குமிழ் திரும்பும்போது அந்தச் சேறு புதுக் கூலண்டில் வந்து கலக்கும். கூலண்ட் டப்பாவில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஊற்றும் வகையா, தண்ணீர் கலக்க வேண்டிய வகையா என்பதையும் படியுங்கள். ஏற்கெனவே கலந்து வருவதில் மறுபடி பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுவிட்டு, கூலண்ட் சரியில்லை என்று குறைசொல்பவர்கள் ஏராளம்.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருகிறேன். கழற்றியதும் முள் இறங்குகிறது, அது உண்மை. அடைத்துப்போன ரேடியேட்டருக்கு எந்நேரமும் தண்ணீர் ஓடுவதால் கொஞ்சம் சமாளிக்கிறது. நோய் அப்படியே இருக்கிறது, காய்ச்சல் மட்டும் குறைந்திருக்கிறது. பைபாஸ் ரோட்டில் காலை நேரத்தில் காலியாக ஓடும்போது என்ஜின் தன் வேலைச் சூட்டுக்கே வராது. ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகப் போகாமல் சேறு கட்டும். சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். எம்.பி.எஃப்.ஐ வண்டி என்றால், என்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று எண்ணி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் கொடுக்கவில்லை என்று அதே ஆள் மறுபடி மெக்கானிக்கிடம் போவார். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் குறுக்கு வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவந்து, டிராஃபிக்கில் சூடு கூடும். என்ஜின் ஓடும்போதெல்லாம் சுற்றும்படி ஃபேனை டைரக்ட் செய்வதும் இதே ரகம். நாள் முழுக்கச் சுற்றி அதன் கார்பன் பிரஷ் தேய்ந்து, தேவைப்படும் நேரத்தில், கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது ஃபேன் நிற்கும்.

தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா என்று பார்க்க எறிய வேண்டியதில்லை. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி நடுவில் தொங்கவிட்டு, அடுப்பை ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். 82 அல்லது 88 என்று அதன் விளிம்பில் பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து, வட்டத் தகடு மெல்ல மேலெழுந்து வழிவிடும். எங்கள் வண்டியின் தெர்மோஸ்டாட் தண்ணீர் கொதித்த பிறகும் முழுதாகத் திறக்கவே இல்லை. விளிம்பு முழுக்க அதே வெள்ளைச் சுண்ணாம்பு. புதியது வாங்கிப் போட்ட பின், அந்த வருடம் டிசம்பரிலும் அடுத்த மே மாதமும் கொடைக்கானல் போய் வந்தோம். முள் பாதியிலேயே நின்றது.

கழுவும்போது இறங்கும் பழைய கூலண்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். ஆடும் நாயும் நக்கிக் குடித்துச் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் அது விஷம். மூடி போட்ட கேனில் பிடித்து, எட்டாத இடத்தில் வையுங்கள்.

அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கிவிடும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தே ஆக வேண்டும், லீவுக்கு மலையும் ஏறியாக வேண்டும். அதற்கு முன் ஒரு காலை, என்ஜின் ஆறிக் கிடக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். விரலில் செம்மண் நிறம் ஒட்டினால் யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள், வண்டியை அந்த வாரமே கழுவிவிடுங்கள்.